நாளைய மழையும் 2100இன் வெயிலும்

2024 அக்டோபர் 16ஆம் தேதி காலை. வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சென்னைக்கும் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட் என்ற செய்தி வந்ததும் மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து நிறுத்தியவை. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டிக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் அவர்கள். அபராதம் போட்டாலும் போடட்டும் என்று துணிந்துதான் நிறுத்தினார்கள். ஆனால் பயந்த வெள்ளம் வேளச்சேரிக்கு வரவில்லை. மழை மேகங்கள் ஆந்திரக் கரைப் பக்கம் நகர்ந்துவிட்டன.

பாலத்தை ஒட்டிய தெருவில் ஒரு டீக்கடை. கையில் கிளாஸுடன் நின்றிருந்த பெரியவர் ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெட் அலர்ட்னாங்க. வெளிச்சம் அடிக்குது பாருங்க. நாளைக்கு மழை வருமான்னு சொல்லத் தெரியல, இவங்கதான் 2100ல எவ்வளவு சூடு இருக்கும்னு சொல்றாங்களாம்." கடையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மௌனம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்று சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அதே வாக்கியத்தைத் தொலைக்காட்சி விவாதத்தில் கோட்டு போட்டவர்கள் சொல்கிறார்கள். கட்டுமானத் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேடையில் சொல்லும்போது அதற்கு ஒரு பகுத்தறிவுக் களை வந்துவிடுகிறது. உண்மையில் அது இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்ட பேச்சு.

முதலில் அந்த அக்டோபர் கதையையே முழுசாகப் பார்ப்போம். 16ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சோழவரத்தில் 30 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. செங்குன்றத்தில் 28. வேளச்சேரியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பொய்த்துப்போன மழை, நகரத்தின் வடக்கு விளிம்பில் ஏரிகள்மேல் கொட்டித் தீர்த்திருந்தது. வானிலை அறிக்கையில் "ஓரிரு இடங்களில் அதி கனமழை பெய்ய வாய்ப்பு" என்று இருக்கும். அந்த வாக்கியத்தில் மிக முக்கியமான சொற்கள் "ஓரிரு இடங்களில்", "வாய்ப்பு" ஆகிய இரண்டும்தான். நாம் அந்த இரண்டையும் விட்டுவிட்டு "அதி கனமழை" என்பதை மட்டும் காதில் வாங்குகிறோம். நான்கு மாவட்டங்களில் எங்கோ ஓரிரு இடங்கள் என்பது நம் தெருவாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நம் தெரு காய்ந்திருந்தால் அறிவியல் தோற்றுவிட்டது என்கிறோம்.

இதைச் சொல்லிக் கணிப்பு தவறவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தவறும். மோசமாகவே தவறும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக்கு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. திருச்செந்தூரில் 69. வழக்கமாக அந்தக் கரையில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போக, ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். கனமழை எச்சரிக்கை இருந்தது. ஆனால் இவ்வளவு என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எச்சரிக்கை போதுமானதா என்று ஒன்றிய அரசும் மாநில அரசும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டன.

ஆக, ஓர் இடத்தில் பயந்த அளவு பெய்யவில்லை. இன்னோர் இடத்தில் பயந்ததைவிடப் பல மடங்கு பெய்தது. நாளைய மழை இன்ன ஊரில் இத்தனை செ.மீ. என்று துல்லியமாகச் சொல்வது கடினம் என்பதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். ஏன் கடினம் என்பதையும், அந்தக் கடினம் 2100க்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிவியலாளர் 1961இல் எம்.ஐ.டி.யில் ஒரு சின்னக் கணினியில் பன்னிரண்டு சமன்பாடுகளை வைத்து ஒரு விளையாட்டு வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பகுதியைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. முன்பு அச்சில் வந்த எண்ணை மறுபடி தட்டச்சு செய்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கணினி காட்டிய வானிலை பழைய வானிலையோடு சம்பந்தமே இல்லாமல் போயிருந்தது. கணினிக்குள் இருந்த எண் 0.506127. அச்சில் வந்தது 0.506. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி முழு வானிலையையும் மாற்றிவிட்டது. 1963இல் அதைக் கட்டுரையாக்கினார். நாளைய வானிலையைச் சொல்ல இன்றைய வானிலை துல்லியமாகத் தெரிய வேண்டும். கடல்மேலும் மலைமேலும் ஒவ்வொரு அங்குலக் காற்றையும் அளக்க முடியாது. எனவே இரண்டு வாரத்துக்கு அப்பால் தினசரி வானிலையைச் சொல்வது ஏறக்குறைய நடவாத காரியம் என்ற முடிவு அங்கிருந்துதான் வந்தது.

இந்தக் கதையை 'கணினி மாதிரிகள் நம்பத்தகாதவை' என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லாரன்ஸ் நிறுத்தவில்லை. கணிப்பில் இரண்டு வகை உண்டு என்று அவரே பிரித்துச் சொன்னார். ஒன்று, இன்றைய நிலையிலிருந்து புறப்பட்டு நாளைய நிலையைச் சொல்வது. மற்றொன்று, பூமிக்கு வரும் வெப்பம், வெளியேறும் வெப்பம், காற்றின் கலவை ஆகியவை மாறினால் வானிலையின் மொத்தப் போக்கு எப்படி மாறும் என்று சொல்வது. இரண்டாவதற்கு இன்றைய காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பது தேவையே இல்லை.

இது நமக்குப் புதிதும் அல்ல. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்றவர்களுக்கு ஆடி 18 அன்று தன் வயலில் மழை பெய்யுமா என்று தெரியாது. தெரியாமலேயே விதைத்தார்கள். விதைக்க அவர்களுக்குத் துணிவு தந்தது வானிலைக் கணிப்பு அல்ல, காலநிலை அறிவு. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. ஜூன் 12 அன்று குடகில் மழை பெய்யுமா என்று பார்த்து அந்தத் தேதியை யாரும் குறிக்கவில்லை. பல ஆண்டுகளின் பருவமழை நடையை வைத்துக் குறித்தது. டெல்டாவின் குறுவையும் சம்பாவும் அந்தத் தேதியைச் சுற்றித்தான் சுழல்கின்றன. சில ஆண்டுகளில் அணையில் தண்ணீர் இல்லாமல் திறப்பு தள்ளிப்போகும். அதற்காக ஜூன் 12 பொய் என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை.

சித்திரை ஐப்பசியைவிடச் சூடாக இருக்கும் என்று ஆறு மாதம் முன்னதாகவே அடித்துச் சொல்கிறோம். அடுத்த சித்திரை ஏழாம் தேதி கோடை மழை பெய்யுமா என்று கேட்டால் கைவிரிக்கிறோம். இரண்டையும் ஒரே மனிதர்தான் சொல்கிறார், இரண்டும் சரிதான். சித்திரையில் சூரியன் தலைக்கு நேரே வருகிறது. வெப்ப வரவு கூடுகிறது. காற்றில் கரியமில வாயு பெருகும்போது வெப்பச் செலவு குறைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வரவு செலவு மாறினால் இருப்பு மாறும். எந்த நாளில் எவ்வளவு என்பது வேறு கணக்கு.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பார்கள். காயல்பட்டினத்தில் அந்த மழை கொட்டத் தொடங்கிய 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, அதுவும் மார்கழி. பழமொழி சராசரியைச் சொல்கிறது, சராசரிக்கு விதிவிலக்கு எப்போதும் உண்டு. ஆனால் சராசரியே இடம் மாறத் தொடங்கினால் முன்னோர் சொன்ன பட்டத்தை வைத்துமட்டும் விதைக்க முடியாது. அப்போது நமக்கு வேறொரு கருவி வேண்டும். கணினி மாதிரி என்பது அந்தக் கருவி.

'மாதிரி' என்ற சொல்லே நம்மில் பலருக்கு ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறது. யாரோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, விரும்பிய விடை வரும்வரை எண்களைத் திருகுவதாக நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது என்ன? காற்றின் ஓட்டத்துக்கு நியூட்டனின் விதி. வெப்பத்துக்கு ஆற்றல் அழியாமை. ஆவியான நீர் எங்கோ மழையாக இறங்கியாக வேண்டும் என்ற கணக்கு. விமானத்தின் இறக்கையை வடிவமைக்க நம்பும் அதே இயற்பியல். இந்தச் சமன்பாடுகளைக் கையால் போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப்போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் தேதியின் ஐரோப்பிய வானிலையை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்துக்குப் பிறகு காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்கும் என்று வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. மகா புயல்கூட அந்த அளவுக்கு அழுத்தத்தை மாற்றாது.

அந்த மனிதர் அந்தத் தவறான விடையை மறைக்கவில்லை. 1922இல் புத்தகமாகவே போட்டார். சமன்பாடு சரி, தொடக்கத் தரவில்தான் கோளாறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. 1950இல் எனியாக் கணினியில் முதல் வானிலைக் கணிப்பு ஓடியபோது, 24 மணி நேர வானிலையைக் கணிக்க ஏறக்குறைய 24 மணி நேரமே பிடித்தது. இன்று நாம் ஐந்து நாள் முன்னதாகப் புயலின் பாதையைப் பார்க்கிறோம் என்றால் அது அந்த வழியில் வந்தது. நல்ல மாதிரிகளின் கணிப்புத் திறன் பத்து ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் கூடிவந்திருக்கிறது. ஒடிசாவை 1999இல் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் அதே ஒடிசாவைத் தாக்கியபோது, முன்னதாகவே லட்சக்கணக்கானவர்கள் மேடான இடங்களுக்குப் போயிருந்தார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். மீதிப் பேர் உயிரோடு இருப்பதில், நாம் சந்தேகிக்கும் அந்த மாதிரிகளுக்குப் பங்குண்டு.

இனி அடுத்த எதிர்வாதத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது: "உலகம் சூடாகிறது, சரி. ஆனால் என் மாவட்டத்துக்கு என்ன ஆகும் என்று உங்களால் சொல்ல முடியாதே?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடித்தான் வட்டாரக் காலநிலை மாதிரி என்ற துறையே பிறந்தது.

உலக மாதிரி பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. கட்டத்தின் ஒரு பக்கம் சுமார் 100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கி.மீ.; அதாவது மொத்தத் தமிழ்நாடும் பதின்மூன்று கட்டங்கள். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. அதற்கு மேல் சின்னக்கல்லாறு, ஆண்டுக்கு 300 செ.மீ.க்கு மேல் மழை கொட்டும் காடு. கீழே கோயம்புத்தூரில் ஆண்டு மழை 70 செ.மீ.யைத் தொட்டாலே பெரிது. இந்த இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். கட்டத்துக்கு ஒரே உயரம், ஒரே மழை. 2,695 மீட்டர் ஆனைமுடி அங்கே ஒரு சாதாரண மேடாகச் சப்பையாகிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று முட்டி மழையாக உடையும் சுவரே அந்த உலகத்தில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலம்; அது கண்ணுக்கே தெரியாது. 2019 ஆகஸ்டு 8 அன்று நீலகிரியின் மேற்குச் சரிவில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. அதே மலையின் கிழக்குப் பக்கம் குன்னூரும் கோத்தகிரியும் நம்பியிருப்பதோ ஐப்பசி, கார்த்திகை மழையை. ஒரு மலையின் இரண்டு பக்கத்துக்கு இரண்டு பருவம். இதை 100 கி.மீ. கட்டம் எப்படிச் சொல்லும்?

கட்டத்தை எல்லா இடத்திலும் சிறிதாக்கலாமே என்றால் கணினி தாங்காது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்கு. கால் பங்காக்கினால் அறுபத்து நான்கு மடங்கு. இதற்கு 1980களின் இறுதியில் அமெரிக்காவின் போல்டர் நகரில் ஒரு வழி பிறந்தது. நெவாடா மாநிலத்தின் யூக்கா மலைக்கு அடியில் அணுக்கழிவைப் புதைக்கலாமா என்று அரசு யோசித்துக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அந்த மலையில் மழை கூடுமா, கசிவு ஏற்படுமா என்று தெரிய வேண்டும். உலக மாதிரிக்கு அந்த மலை தெரியாது. ராபர்ட் டிக்கின்சன், ஃபிலிப்போ ஜார்ஜி முதலியோர், உலக மாதிரி சொல்லும் காற்றையும் ஈரத்தையும் எல்லையில் வாங்கிக்கொண்டு, அந்த எல்லைக்குள் மட்டும் நுணுக்கமான கட்டங்களில் மலையும் பள்ளமுமாகக் கணக்கிடும் மாதிரியை 1989இல் வெளியிட்டார்கள். ஊர் வாய்க்காலுக்கு ஆற்றிலிருந்து தலைமதகு வழியாகத் தண்ணீர் விடுவதைப் போன்ற ஏற்பாடு இது. வெளியிலிருந்து வருவதை மதகு அளந்து தருகிறது; உள்ளே எந்த வயலுக்கு எவ்வளவு பாய்கிறது என்பதை வாய்க்காலின் மேடுபள்ளம் முடிவுசெய்கிறது.

ஜார்ஜி பிறகு இத்தாலியின் திரியஸ்தே நகருக்குப் போனார். இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல், வளரும் நாடுகளின் அறிவியலாளர்களுக்காகத் தொடங்கிய பன்னாட்டு இயற்பியல் மையம் இருக்கும் ஊர். அங்கிருந்து அந்த மாதிரியைக் காசு வாங்காமல் உலகெங்கும் கொடுத்தார்கள். சூப்பர் கணினி இல்லாத ஆப்பிரிக்க, ஆசியப் பல்கலைக்கழகங்களில் அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். தெற்காசியாவுக்கான வட்டாரக் கணிப்புகளை ஒருங்கிணைக்கும் வேலையை புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்ற மையம், பிரிட்டனின் ஹாட்லி மையம் தந்த பிரெசிஸ் மாதிரியை 25 கி.மீ. கட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஓட்டியிருக்கிறது. 25 கி.மீ. என்றால் பதின்மூன்று கட்டம் இருநூறுக்கு மேல் ஆகிறது. மலை மலையாகத் தெரியத் தொடங்குகிறது. இது மேல்நாட்டு இறக்குமதி, நம் மண்ணுக்கு ஒட்டாது என்று பேசுகிறவர்கள் இந்த உழைப்பை ஒருமுறையாவது திரும்பிப் பார்க்க வேண்டும்.

இதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதகு வழியாக வரும் தண்ணீரே கலங்கலாக இருந்தால் வாய்க்கால் எவ்வளவு ஒழுங்காக வெட்டியிருந்தும் பயனில்லை. உலக மாதிரிகள் பலவற்றில் இந்தியப் பருவமழை உண்மையைவிடக் குறைவாகவே வருகிறது. பல தலைமுறை மாதிரிகளாகத் தீராத குறை அது. வடகிழக்குப் பருவமழை இன்னும் சிக்கல், அதன் பெரும்பகுதி வங்கக்கடலில் உருவாகும் ஒருசில தாழ்வு மண்டலங்கள் எங்கே கரையேறுகின்றன என்பதைப் பொறுத்தது. எனவே '2050இல் இந்த மாவட்டத்தில் மழை 6.3 சதவீதம் கூடும்' என்ற பாணியில் தசமப் புள்ளி வைத்து அறிக்கை போடுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. பல மாதிரிகள் எதில் ஒத்துப்போகின்றன, எதில் முரண்படுகின்றன என்று சொல்லுவதே நேர்மை. வெப்பம் கூடும், இரவும் புழுங்கும், பெய்யும்போது வலுத்துப் பெய்யும் என்பவற்றில் ஒத்துப்போகின்றன. ஒரு டிகிரி சூட்டுக்குக் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இது மாதிரி வருவதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த இயற்பியல். வடகிழக்குப் பருவத்தின் மொத்த மழை கூடுமா குறையுமா என்பதில் அந்த அளவு உறுதி இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மறைக்கும் அறிக்கைகள்தான், டீக்கடையில் பேசிய பெரியவரின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கின்றன.

உறுதியாகச் சொன்னவை பலித்தனவா என்றும் கேட்க வேண்டும். காலநிலை அறிவியலாளர்கள் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல், இன்றைய கைப்பேசிக்கு முன் நிற்க முடியாத கணினியில், கரியமில வாயு இரட்டித்தால் தரையில் சுமார் 2.3 டிகிரி சூடு கூடும் என்றார்கள். கூடவே, மேலே அடுக்கு மண்டலம் குளிரும் என்றார்கள். அப்போது அதை அளக்க யாரிடமும் செயற்கைக்கோள் பதிவு இல்லை. பிற்பாடு அளந்தபோது கீழே சூடும் மேலே குளிருமாகவே இருந்தது. சூரியன் சூடாவதால்தான் பூமி சூடாகிறது என்றால் மேலேயும் சூடாகியிருக்க வேண்டும். அந்த ஒரே அளவீடு அந்த வாதத்தை முடித்துவைத்தது. மனாபே 2021இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது காலநிலை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹான்சனின் குழு தங்கள் மாதிரியை ஓட்டி, உலகம் தற்காலிகமாக சுமார் அரை டிகிரி குளிரும் என்று 1992 ஜனவரியில் வெளியிட்டது. நடந்த பிறகு விளக்கம் சொல்லவில்லை; நடப்பதற்கு முன் தேதியோடு எழுதிவைத்தார்கள். அந்த ஆண்டு அப்படியே குளிர்ந்தது. 1970 முதல் 2007 வரை வெளியான 17 உலக வெப்பக் கணிப்புகளை 2020இல் ஓர் ஆய்வு எடுத்து, பிறகு நடந்ததோடு ஒப்பிட்டது. 10 அப்படியே பொருந்தின. மனிதர்கள் எவ்வளவு வாயுவை வெளியிடுவார்கள் என்று அவர்கள் வைத்த ஊகத்தின் பிழையை நீக்கிப் பார்த்தால் 14 பொருந்தின. பொருந்தாத மூன்றையும் அதே கட்டுரையில் போட்டிருக்கிறார்கள்.

"எது நடந்தாலும் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிடுகிறார்கள், இதில் என்ன அறிவியல்?" என்ற பேச்சுக்கு, 2015 சென்னை வெள்ளத்தைவிட நல்ல பதில் கிடையாது. அந்த டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. உலகெங்கும் செய்தி. பாரிஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த அதே நாட்கள். காலநிலை மாற்றத்தின் மீது பழி போட இதைவிட வசதியான நேரம் வாய்க்காது. இந்திய அறிவியலாளர் ஒருவரையும் கொண்ட பன்னாட்டுக் குழு ஒன்று பழைய மழைப் பதிவுகளையும் மாதிரிகளையும் வைத்து ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டது: அந்த ஒருநாள் மழையில் புவி வெப்பமாதலின் தடயம் தெரியவில்லை. எல் நினோ வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். மேற்கு வங்கக்கடல் மற்றக் கடல்களைப் போல அந்தப் பல ஆண்டுகளில் சூடாகவில்லை. காற்றில் மிதக்கும் தூசும் புகையும் வெயிலைத் தடுத்தது காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

தாங்கள் நம்புகிற கருத்துக்கு உதவாத விடையைத் தயங்காமல் அச்சில் போட்டார்கள். எண்களைத் திருகுகிறவர்கள் செய்கிற வேலையா அது? அந்த ஆய்வு நமக்குச் சொன்ன இன்னொரு செய்தி கசப்பானது. மழையின் மேல் பழியைப் போட முடியவில்லை என்றால், பழி பள்ளிக்கரணைச் சதுப்பில் எழுந்த கட்டடங்கள் மேலும், அடையாற்றின் கரையை நெருக்கியவர்கள் மேலும், ஏரிகளின் போக்குக்கால்களை அடைத்தவர்கள் மேலும் விழுகிறது. காலநிலை மாற்றத்தைப் பொய் என்று சொல்கிறவர்களுக்கும், எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிக் கைகழுவுகிறவர்களுக்கும் இந்த விடை ஒருசேரப் பிடிக்கவில்லை.

வட்டாரக் கணக்கின் அருமையும் அதே ஆண்டில்தான் தெரிந்தது. எல் நினோ வந்தால் இந்தியாவுக்கு வறட்சி என்பது பொதுப்பாடம். 2015இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அதே எல் நினோ ஆண்டின் இறுதியில் சென்னை மூழ்கியது. காரணம், எல் நினோ வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் சாதகம். அடுத்த ஆண்டு நிலை தலைகீழ்: 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. டெல்லியில் அமர்ந்து நாடு முழுமைக்கும் ஒரே வரியில் எழுதும் பருவமழைச் செய்தி நமக்குப் பொருந்தாது. நம் மழையில் ஏறக்குறைய பாதி, நாடு மழைக்காலம் முடிந்தது என்று கணக்கை மூடிய பிறகு வருகிறது. நமக்கென்று நுணுக்கமான கட்டம் வேண்டும் என்று கேட்கிற உரிமை வேறு யாரையும்விட நமக்கு அதிகம்.

கடைசியாக ஒன்று. "உறுதியாகத் தெரியாதபோது ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று ஒரு முதுநிலைப் பொறியாளர் என்னிடம் கேட்டார். அவர் வடிகால்களைத் திட்டமிடும் பொறுப்பில் இருந்தவர். அவருடைய மேஜையில் பழைய மழைப் பதிவுகளின் அடிப்படையில் போட்ட அட்டவணை ஒன்று இருந்தது. இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இவ்வளவு மழை, எனவே குழாயின் அகலம் இவ்வளவு. அவரிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: சார், அந்த அட்டவணையும் ஒரு மாதிரிதானே? வரப்போகும் ஐம்பது ஆண்டு மழை போன ஐம்பது ஆண்டு மழையைப் போலவே இருக்கும் என்பதும் ஒரு கணிப்புதானே? அதற்கு உங்களிடம் என்ன உறுதி இருக்கிறது? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விதிமுறையில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்.

மாதிரியை நம்பாமல் இருப்பது என்று ஒன்று கிடையாது. கான்கிரீட் ஊற்றுகிற ஒவ்வொருவரும் வருங்கால மழையைப் பற்றி ஏதோ ஒன்றை நம்பித்தான் ஊற்றுகிறார்கள். இயற்பியலை வைத்துச் சோதித்து, பிழையையும் சேர்த்து அச்சிடும் கணிப்பை எடுத்துக்கொள்வதா, எதுவும் மாறாது என்ற சோதிக்கப்படாத ஊகத்தை எடுத்துக்கொள்வதா என்பதில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள். காயல்பட்டினத்தின் 95 செ.மீ. எந்தப் பழைய அட்டவணையின் குழாயிலும் அடங்காது.

வானிலைத் துறையினரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ரெட், ஆரஞ்சு என்று நிறத்தை மட்டும் சொல்லாமல், நூற்றில் எத்தனை வாய்ப்பு என்பதையும் தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் என்ன என்று ஒவ்வொரு மழைக்காலமும் சலிக்காமல் விளக்குங்கள். மாநில அரசிடமும் ஒன்று: புதிதாகப் போடும் ஒவ்வொரு வடிகாலின் திட்ட அறிக்கையிலும், எந்த ஆண்டு வரையிலான மழையை வைத்துக் கணக்குப் போட்டீர்கள், வருங்கால மழைக்கு எந்தக் கணிப்பைப் பார்த்தீர்கள் என்று இரண்டே வரி எழுத வையுங்கள்.

வேளச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சிறியது. அடுத்த முறை ரெட் அலர்ட் வந்தால், போன முறை மழை பெய்யவில்லையே என்று யோசிக்காதீர்கள். காரை மேட்டில் ஏற்றிவிடுங்கள். மழை சோழவரத்துக்குப் போய்விட்டால் மறுநாள் காலை இறக்கிக்கொள்ளலாம்.